28 லட்ச ரூபாய்க்கு ஒரு பாட்டு!

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பி.காம். பற்று, வரவு, தேய்மானம் என்றால் இரண்டு மணி நேரம் பேசுவேன். டெசிபல், ஹெர்ட்ஸ் என்றால் பேச்சை மாற்றி, "டீ சாப்பிடலாமா?" என்பேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் கோயமுத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் நடக்கிற உயர்ரக ஆடியோ கண்காட்சிக்கான அழைப்பு அட்டை வந்து சேர்ந்தது.

எனக்கு வந்த அட்டை அல்ல. பனியன் எக்ஸ்போர்ட் செய்யும் நண்பருக்கு வந்தது. அவருக்கு ஷிப்மென்ட் அவசரம். "நீதான் பத்திரிகைக்கு எழுதறயே, போய்ட்டு வா. ஒண்ணும் புரியலைன்னாலும் காபி நல்லா இருக்கும்" என்று கையில் திணித்துவிட்டார்.

அட்டையில் 'இருவருக்கு' என்று போட்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். "நம்ம வீட்டு மிக்ஸி கச்சேரியே எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டாள். திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். வயது 69.

"அப்பா, ஆடியோ ஷோ இருக்குது. வர்றீங்களா?"

"ஆடிக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குதே கண்ணு. அதுக்குள்ள தள்ளுபடி போட்டுட்டானா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. அது அப்புறம்.

மங்கலம் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். திருப்பூரிலிருந்து மேற்கே, நொய்யல் ஓரமாக, சோமனூர் போகிற ரோட்டில் இருக்கிறது. கிழக்கே பார்த்தால் பனியன் கம்பெனி. தெற்கே பல்லடம், மேற்கே சோமனூர் என்று திரும்பினால் விசைத்தறி. நாங்கள் நடுவில். ஒரு காதில் ஓவர்லாக் மிஷின், மறு காதில் தறி என்று வளர்ந்த ஜனங்கள்.

மற்ற ஊர்களில் அலாரம் அடித்தால் எழுவார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போனால் எழுவோம்! சத்தியமாகச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க 'சடக் சடக்' என்று ஓடுகிற தறி திடீரென்று நின்றால், தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு?" என்று கேட்பவர்கள் நாங்கள்.

அப்பா 17 வயதில் தறிக்குடோனுக்குள் போனவர். 55-ல் வெளியே வந்தார். 38 வருஷம். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டு ஓட, ஒரு ஆளுக்கு நாலு தறி, ஆறு தறி. உள்ளே பேச்சு கிடையாது, சைகைதான். ஊடை தீர்ந்துவிட்டால் ஒரு சைகை, பாவு அறுந்தால் ஒரு சைகை, முதலாளி வருகிறார் என்றால் தனி சைகை. இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் வேலை செய்த பெண்களும் இப்படித்தான் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்களாம். அந்தக்கால அம்மணிகள் எங்கள் குடோனுக்கு வந்திருந்தால் முதல் நாளே ஊர்வம்பு முழுக்கத் தெரிந்துகொண்டு போயிருப்பார்கள்.

நானும் காலேஜ் படிக்கும்போது மூன்று வருஷம் ராத்திரி ஷிப்ட்டில் தறி ஓட்டியவன்தான். பகலில் அக்கவுன்டன்ஸி, ராத்திரியில் காடாத் துணி. எதில் அதிகம் தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

சாமளாபுரம், சோமனூர், கருமத்தம்பட்டி தாண்டி அவிநாசி ரோட்டைப் பிடித்து, பத்தரை மணிக்கு ஓட்டல் வாசலில் இறங்கினோம். அப்பா வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் துண்டு. வாசலில் நின்ற காவலாளி அப்பாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். என்னைப் பார்த்து, "டிரைவர்ங்க எல்லாம் பின்னாடி" என்றார்.

உயர்ரக ஆடியோ கண்காட்சி என்றால் பெரிய பந்தல், ஸ்டால், அப்பளக் கடை என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டல் அறைகள்தான் ஸ்டால். கட்டிலைத் தூக்கிவிட்டு, சுவரோரம் தடித்த மெத்தை மாதிரிப் பலகைகளை நிறுத்தி, இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஏழெட்டு நாற்காலி. கதவைச் சாத்திவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். உலகத்திலேயே பேர் போன 'ஹை எண்ட்' கண்காட்சியே 1982-ல் ஜெர்மனியின் டுஸல்டார்ஃபில் ஒரு ஓட்டலில்தான் ஆரம்பித்தது. பிறகு ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் நடந்து, 2004-ல் மியூனிக் நகரத்துக்குப் போய், 2025 வரை அங்கே நடந்தது. அதற்கப்புறம் வியன்னா என்று அறிவித்தார்கள்.

இந்தத் தொழிலுக்கும் துணிக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்று ஓர் ஊர். கம்பளித் துணிக்குப் பேர் போனது. அந்தக் காலத்துத் திருப்பூர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே ஜவுளி வியாபாரத்தில் இருந்தவர் கில்பர்ட் பிரிக்ஸ். இசைப் பைத்தியம். 1932-ல் இல்க்லி என்ற ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஒரு ஸ்பீக்கரைச் செய்தார். வார்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பதால் 'வார்ஃப்டேல்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்றைக்கும் கடையில் இருக்கிறது. (நம் நொய்யலின் பெயரில் பிரபலமானது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்ட வழக்குதான்!)

பிரிக்ஸ் 1954 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரு வேடிக்கை செய்தார். மேடையில் கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள். அடுத்து அவர்கள் வாசிப்பின் ரெக்கார்டு ஸ்பீக்கரில் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று ஜனங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது. இதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஹால் நிறைய வந்தார்கள். அடுத்த வருஷம் நியூயார்க் கார்னெகி ஹாலிலும் நடத்திக் காட்டினார். ஒரு ஜவுளிக்காரர் துவக்கி வைத்த 'உட்கார்ந்து கேளுங்கள்' வேலைதான், இன்றைக்கு ஓட்டல் ஓட்டலாக நடக்கிறது.

ஏன், கோயமுத்தூருக்கும் இதில் பாத்தியதை உண்டு. சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941-லேயே அறிவித்த மனுஷன்.

70 ரூபாயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நுழைந்த மூன்றாவது அறையில் இருந்த ஸ்பீக்கர், ஜோடி 28 லட்சம்!

ஆள் உயரம். கறுப்புப் பளபளப்பு. முகம் பார்த்துத் தலை வாரலாம். பழக்க தோஷம், மனசுக்குள் 15 சதவிகிதம் தேய்மானம் போட்டுப் பார்த்தேன். முதல் வருஷம் தேய்வது மட்டும் 4 லட்சத்து 20 ஆயிரம். என் வருஷ வருமானத்தை அந்தப் பெட்டி சும்மா நின்றுகொண்டே தின்றுவிடும்!

அப்பா விலையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. நேராகப் போய், ஸ்பீக்கர் முன்னால் இருந்த வலைத்துணியை இரண்டு விரலால் தொட்டார். "இது நெசவு இல்ல. பின்னல் துணி" என்றார்.

விளக்கம் சொல்ல நின்ற கோட்டுப் போட்ட தம்பி அசந்துவிட்டான். "கரெக்டுங்க சார்! துணிய வச்சே சொல்றீங்களே!"

அதற்கப்புறம் அவன் அப்பாவை விடவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளேயும் துணிதானாம். கூம்பின் அடிப்பாகத்தை நடுவில் பிடித்து நிறுத்துகிற மடிப்பு மடிப்பான வளையம் இருக்கிறதே, அது பெரும்பாலும் பருத்தித் துணியில் பிசின் ஏற்றி அழுத்திச் செய்வது. இங்கிலாந்தின் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனி கெவ்லார் நூலை நெய்து, மஞ்சளாக ஒரு கூம்பு செய்து பல வருஷம் பேர் வாங்கியது. 2015-ல் அதை விட்டு இன்னொரு நெய்த துணிக்கு மாறியது.

"அப்ப, பாட்டே துணியிலதான் வருதுன்னு சொல்லு" என்றார் அப்பா. முகத்தில் ஒரு பெருமை. 38 வருஷம் காடா நெய்த மனுஷனுக்கு, அந்த அறையில் முதல் தடவையாகத் தன் சாதி சனத்தைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

எங்களை உட்கார வைத்தான். அப்பாவுக்கு நடு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில் உட்கார்ந்தால்தான் பாடுகிறவர் நேர் எதிரே நிற்பது போலத் தோன்றுமாம். கதவைச் சாத்தினான். ஏ.சி.யையும் நிறுத்தினான். "ஒரு நிமிஷம் சும்மா இருங்க சார். ரூம் எவ்வளவு அமைதின்னு பாருங்க. இதுக்குத்தான் சார் காசு!"

நான் அவ்வளவு நிசப்தத்தில் அதுவரை உட்கார்ந்ததே இல்லை என்று நினைக்கிறேன். அரை நிமிஷம் போனது. நிருபர் என்றால் குறை கண்டுபிடிக்க வேண்டாமா? கையைத் தூக்கினேன்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. 28 லட்சம்ங்கறீங்க. ஸ்பீக்கர்ல 'கொய்ய்ய்'னு ஒரு சத்தம் வருதே?"

அவன் என்னைப் பார்த்தான். ஸ்பீக்கரைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"சார்... நான் இன்னும் ஆம்ப்ளிஃபயரையே ஆன் பண்ணலைங்க."

பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் 'கொய்ய்' நிற்கவில்லை. அது என் காதுக்குள் வருகிற சத்தம். எத்தனை வருஷமாக வருகிறதோ! மங்கலத்தில் அது என் காதில் விழ இடம் ஏது?

அப்புறம் பாட்டுப் போட்டான். முதலில் இங்கிலீஷ். தபலா மாதிரி ஏதோ ஒன்று நெஞ்சிலேயே வந்து தட்டியது. அப்புறம் ஒரு சின்ன மணி. முன் வரிசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, அந்த மணி தேய்ஞ்சு மறையறதைப் பாருங்க" என்றார். அப்பா என் பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏங்கண்ணு, எப்பப் பாட்டுப் போடுவாங்களாம்?" என்றார்.

மணி அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

தமிழ்ப் பாட்டு ஏதாவது போடச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடித்தது 'ப்ரியா' படம். 1978. தமிழில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பாட்டுப் பதிவான படங்களில் அதுவும் ஒன்று. தம்பி உற்சாகமாகத் தேடிப் போட்டான். என் உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன்! பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அதற்குள் இத்தனை வயலின் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தது. "எப்படிங்க சார் இருக்கு?" என்று அப்பாவிடம் குனிந்து கேட்டான் தம்பி.

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். "நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா அந்தம்மா வாயில துணிய வச்சுட்டுப் பாடற மாதிரி இருக்குது. என்ன சொல்லுதுன்னு வெளங்கல."

நான் நெளிந்தேன். தம்பி கோபிக்கவில்லை. அவன் முகம்தான் மாறியது. எங்களை வாசல் வரை கொண்டு வந்து விட்டவன், மெதுவாக என்னிடம் கேட்டான். "சாருக்கு என்ன தொழிலுங்க?"

"தறி."

"எங்கப்பாவும் தறிதாங்க. சோமனூர். தப்பா நினைக்காதீங்க... ஒரு தடவை காது டெஸ்ட் பண்ணிடுங்க. ரெண்டு பேருமே."

28 லட்சத்துக்கு ஸ்பீக்கர் விற்க வந்தவன், ஒரு பைசா வருமானம் இல்லாத யோசனையைச் சொல்லி அனுப்பினான்.

அடுத்த வாரம் போனோம். அப்பா, "எனக்கென்ன, நா என்ன செவுடா?" என்று தகராறு செய்தார். "எனக்குத்தான் டெஸ்ட், துணைக்கு வாங்க" என்று கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' என்று கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் அப்பா டக் டக்கென்று அழுத்தினார். போகப் போக, விரல் பட்டன் மேல் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அப்பா பட்டனைப் பார்த்தபடி, எந்நேரமும் ஏதோ வரப்போகிறது என்பது போல உட்கார்ந்திருந்தார்.

ரிசல்ட்டை ஒரு கோடாகப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் புரிகிற பாஷை! ஷேர் மார்க்கெட் கிராஃப் மாதிரி நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பாதாளத்தில் விழுந்திருந்தது. சத்தத்தால் கெடுகிற காது முதலில் அந்த இடத்தில்தான் கெடுமாம். உள்காதில் சுமார் 15 ஆயிரம் மயிர்ச் செல்கள் இருக்கின்றன. போனால் மறுபடி முளைக்காது. தேய்மானம் உண்டு, புதுச்சரக்குக் கிடையாது. உயிரெழுத்துக்களின் சத்தம் கீழ்ஸ்தாயி, அது கேட்கும். 'ச', 'ஸ' மாதிரி எழுத்துக்களின் கூர்மை மேலே இருக்கிறது, அது போய்விடும். அப்புறம் காசு, காது, காடு எல்லாம் ஒரே மாதிரிதான். ஆடியோவும் ஆடியும்கூட!

நாடா ஓடுகிற தறிக்குடோனில் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்த எல்லை 90. பத்து கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், சத்தத்தால் வரும் செவிட்டுத்தனமும் ஒரு தொழில் நோயாக ஏறியது. ஆனால் கரண்ட் வைத்து வேலை நடக்கிற இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டம் தொழிற்சாலை என்று பார்த்தது. எங்கள் ஊரில் எட்டுத் தறிக்கு இரண்டே பேர். சட்டத்தின் காதிலும் அது விழவில்லை.

என் கோடு? அப்பா அளவுக்கு இல்லை. ஆனால் அதே இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். 37 வயதில்! மூன்று வருஷத் தறியும், பதினைந்து வருஷ இயர்போனும் சேர்ந்து தோண்டியது. "இதுக்கு மேல ஆழமாகாமப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டு வந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பயமில்லை. அதற்கு மேலே போகப் போக நேரம் மளமளவென்று குறையும். பஸ் இரைச்சலை அமுக்குவதற்காகப் பாட்டைக் கூட்டி வைக்கிறீர்களே, அங்கேதான் வினை. உலகத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட இளவட்டங்கள் இப்படிக் காதைப் பணயம் வைத்திருக்கிறார்கள் என்கிறது அதே நிறுவனம். இன்றைக்கு ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் சந்தோஷமாகத் தூங்குங்கள். 'கொய்ய்' என்றால் டாக்டரைப் பாருங்கள். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே பார்க்கலாம்.

அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கினோம். மாட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீதிக்குள் திரும்பியதும் அப்பா நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஓடுவதுதான்.

"ஏங்கண்ணு, இத்தனை சத்தத்துலயா நா முப்பத்தெட்டு வருசம் நின்னேன்?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. அப்பா மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இப்போது பெரியப்பா மகன் குடோனில் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பஞ்சு மாதிரி இருக்கும், சில ரூபாய்தான். "தறி மக்கர் பண்றது காதுலதானுங்க தெரியும், இதை மாட்டுனா எப்படி?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் இரண்டு பேர் மாட்டுகிறார்கள். அதில் ஒருவர் வீட்டுக்குப் போயும் கழற்றுவதில்லை என்று அவர் சம்சாரம் என்னிடம் புகார் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை தறி லீவு. அப்பா மிஷினை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவார். என்னுடைய பழைய செட்டில் 'ப்ரியா' ஓடும். ஒரு ஸ்பீக்கர்தான் வேலை செய்கிறது. போன வாரம் பாட்டு முடிந்ததும் உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கண்ணு, அந்தம்மா வாயில இருந்த துணிய எடுத்துட்டாங்களாட்ட இருக்குது!"

பி.கு.: எக்ஸ்போர்ட் நண்பர் போன் செய்து, ஷோ எப்படி இருந்தது என்று கேட்டார். காபி நல்லா இருந்தது என்று சொன்னேன்.